ஆறாம் அத்தியாயம்: தெப்பம் ஒரு பக்கம் சாய்ந்தால்

கடலில் தோணி ஓட்டுபவருக்கு இந்த அத்தியாயம் தேவைப்படாது. சரக்கு ஏற்றும்போதே எந்தப் பக்கம் தாழ்கிறது என்பது அவருக்குக் காலிலேயே தெரிந்துவிடும். தினமும் அதே தோணி, அதே தண்ணீர். கோயில் குளத்துத் தெப்பம் அப்படியில்லை. வருடத்துக்கு ஒருமுறை அவசர அவசரமாகக் கட்டுகிறோம், சில இரவுகள் சுற்ற விடுகிறோம், பிரித்துப் போட்டுவிடுகிறோம். கட்டியவருக்கே அதன் குணம் பிடிபடுவதற்குள் உற்சவம் முடிந்துபோகும். பழக்கத்தால் வர வேண்டியதை இங்கே அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடி அண்ணாமலையில் இருப்பவர்களுக்குத் தெப்பம் என்றால் ஐயங்குளம்தான். நீருக்கு அதிபதியான வருண லிங்கம் கிரிவலப் பாதையில் நம் ஊருக்குச் சற்று முன்னால்தான் இருக்கிறது. ஆனாலும் தெப்பம் பார்க்க மலையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் நகருக்குள் போக வேண்டும். கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள் தொடங்கி மூன்று இரவுகள் அங்கே தெப்பல் உற்சவம். முதல் இரவு சந்திரசேகரர், அடுத்த இரவு பராசக்தி அம்மன், மூன்றாம் இரவு சுப்பிரமணியர். தெப்பம் கட்டுபவர் கவனிக்க வேண்டியது இந்த மாற்றத்தைத்தான். ஒவ்வொரு இரவும் எழுந்தருளும் மூர்த்தி வேறு, பீடம் வேறு, அலங்காரம் வேறு. முதல் இரவு மட்டமாக நின்ற தெப்பம் மூன்றாம் இரவும் அப்படியே நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சாய்வு சரிபார்ப்பது ஒவ்வொரு மாலையும் செய்ய வேண்டிய வேலை.

தெப்பம் சாய்ந்தது என்றதும் கரையிலிருந்து முதலில் எழும் குரல், "அந்தப் பக்கம் ரெண்டு மணல் மூட்டை போடுப்பா" என்பது. இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் குரலோடு ஒரு வாதம். மூட்டை சில சமயம் சரியான மருந்து, பல சமயம் தேவையற்றது, சில சமயம் தெப்பத்தையே கவிழ்க்கக்கூடியது. எந்தச் சமயம் எது என்று தெரிந்த பிறகு மூட்டையைத் தூக்கலாம்.

மூலைக்கு எண் போடுங்கள்

தண்ணீரில் இடது வலது பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். கரையில் நிற்பவரின் இடது, தெப்பத்தில் நிற்பவருக்கு வலது. மலைப் பக்கம், ஊர்ப் பக்கம் என்று சொன்னாலும் தெப்பம் திரும்பியதும் அது மாறிவிடும். ஆகவே நான்கு மூலையிலும் பெயின்டால் 1, 2, 3, 4 என்று பெரிதாக எழுதுங்கள். இருட்டிலும் தெரிய வேண்டும்.

பிறகு ஒவ்வொரு மூலையிலும் மேல்தளப் பலகையின் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளவு நாடாவால் அளந்து நோட்டில் குறியுங்கள். ஆறு மீட்டர் அகலத் தெப்பத்தில் ஒரு பக்கம் 30 செ.மீ., எதிர்ப்பக்கம் 20 செ.மீ. என்றால் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி. கரையிலிருந்து பார்ப்பவருக்கு இது நன்றாகவே தெரியும். உச்சிக் கலசத்தைப் பார்த்ததும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அதற்காகப் பதற வேண்டியதில்லை. சாய்வு எவ்வளவு என்பதைவிட அது கூடுகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதுதான் முக்கியம்.

இன்னொரு கருவி கொத்தனாரின் தூக்குக் குண்டு. தெப்ப மண்டபத்தின் நடுவில், உத்திரத்திலிருந்து தளத்துக்குச் சற்று மேலே வரை தொங்குமாறு இரண்டு மீட்டர் நூலில் கட்டிவிடுங்கள். கீழே ஒரு அட்டையில் கோடு போட்டு, குண்டு எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். காற்றில் குண்டு ஆடினால் அதை ஒரு வாளித் தண்ணீருக்குள் தொங்க விட்டு, வாளி விளிம்பில் கிடத்திய அளவுகோலில் நூலின் இடத்தைக் குறிக்கலாம், ஆட்டம் அடங்கிவிடும். ரசமட்டம் ஒரு டிகிரியைக் காட்டும், ஆனால் தூக்குக் குண்டைப் போல அதை சென்டிமீட்டரில் எழுதி வைக்க முடியாது.

ஏன் சாய்கிறது

தரை தட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குளங்களின் அடித்தரை ஒரே மட்டமாக இருப்பதில்லை. படித்துறை ஓரம் வண்டல் சேர்ந்திருக்கும், உடைந்த படிக்கல் கிடக்கும். ஒரு மூலைப் பேரல் சேற்றில் உட்கார்ந்தால் எதிர் மூலை தாழ்ந்ததுபோலத் தெரியும். அங்கே மூட்டை போடுவது வீண். நீண்ட மூங்கிலால் நான்கு பக்கமும் ஆழம் பாருங்கள், தெப்பத்தை நடுக் குளத்துக்கு இழுத்துப் பிறகு அளங்கள். மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தண்ணீர் இல்லாத வருடங்களில் தெப்பம் மிதக்காமல் நிலைத்தெப்பமாகவே விழா நடந்ததுண்டு. சாய்வுத் தொல்லை அறவே இல்லாத தெப்பம் அது ஒன்றுதான்.

அடுத்தது கசிவு. இருநூறு லிட்டர் இரும்புப் பேரல் வெறுமையாகப் பதினெட்டு, இருபது கிலோ இருக்கும். அது முழுக்கத் தண்ணீருக்குள் அமுங்கும்போது தன் எடை போகச் சுமார் 180 கிலோவைத் தாங்கும். மூடியின் வாஷர் நைந்துபோய் அதற்குள் நூறு லிட்டர் புகுந்தால், அந்த இடத்தில் யாரோ நூறு கிலோவைக் கொண்டுவந்து வைத்ததற்குச் சமம். இதைக் கண்டுபிடிப்பது எளிது. மாலை நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் மூலைகளை அளங்கள். ஆள் ஏறாமல், பொருள் ஏறாமல் ஒரு மூலை மட்டும் இறங்கிக்கொண்டே போனால் அது கசிவுதான். இங்கே மூட்டை போட்டால் நான்கு மணிக்குச் சரியாக இருக்கும் எடை ஆறு மணிக்குப் போதாது. எட்டு மணிக்கு இன்னும் இரண்டு கேட்கும். தெப்பம் மட்டமாகத்தான் இருக்கும், மட்டமாகவே மூழ்கிக்கொண்டிருக்கும். கசியும் பேரலைக் கழற்றி மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது, கலப்புப் பேரல்கள். வாடகைக்கு எடுக்கும்போது இரும்பும் பிளாஸ்டிக்கும் கலந்து வரும். பிளாஸ்டிக் பேரல் இரும்பில் பாதி எடைதான். ஒரு பக்கம் பத்து இரும்பு, மறுபக்கம் பத்து பிளாஸ்டிக் என்று அமைந்துவிட்டால் கட்டும்போதே சாய்வையும் சேர்த்துக் கட்டியாயிற்று. ஒன்றுவிட்டு ஒன்று மாற்றிக் கட்டச் சொல்லுங்கள்.

இழுகயிற்றையும் பாருங்கள். கரையிலிருந்து ஆட்கள் வடம்போல இழுக்கும் கயிற்றை மண்டபத் தூணில் இடுப்பு உயரத்தில் கட்டுவதைப் பல குளங்களில் காணலாம். பக்கவாட்டில் இழுக்கும்போது அந்தக் கயிறே தெப்பத்தைச் சாய்க்கும். கயிறு தளர்ந்தால் தெப்பம் நிமிர்கிறது என்றால் மூட்டைக்கு வேலையில்லை. அடிச்சட்டத்தில், தண்ணீர் மட்டத்தை ஒட்டிக் கட்டுங்கள்.

கார்த்திகை மாதம் என்பதால் மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். தார்ப்பாய் விதானத்தில் பத்து சதுர மீட்டர் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் நூறு கிலோ. அது உயரத்தில் நிற்கும் எடை, போதாக்குறைக்கு ஓடும் எடை. தெப்பம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே போய்ச் சேரும். குச்சியால் தட்டி ஊற்றிவிட்டுப் பிறகு அளங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் மிச்சமிருப்பது எடை ஒரு பக்கமாக அமைந்தது. ஜெனரேட்டர் ஒரு மூலையில், நாகஸ்வரக் குழு ஒரு ஓரத்தில், பூ அலங்காரக் கூடைகள் ஏறும் வழியிலேயே. இதுதான் மிக அதிகம் நடப்பது, சரிசெய்யவும் மிக எளிது.

நகர்த்து, இறக்கு, பிறகு ஏற்று

கணக்கு எளியது. எடையை, நடுக்கோட்டிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்குங்கள். இரு பக்கமும் அந்தப் பெருக்கல் சமமானால் தெப்பம் மட்டம். ஏற்றம் இறைக்கும்போது துலாவின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடப்பது இதே கணக்கில்தான்.

தவில், நாகஸ்வரம், ஒத்து, தாளம் என்று நான்கு பேர், ஆளுக்கு 70 கிலோ, நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி ஒரே பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். 280 கிலோவை ஒன்றரையால் பெருக்கினால் 420. இதை மூட்டையால் சமன் செய்ய, எதிர்ப்பக்கம் இரண்டரை மீட்டர் தள்ளி 168 கிலோ வைக்க வேண்டும். அதாவது மூன்று மூட்டைக்கு மேல். அதைவிட, நால்வரில் இருவரை எழுப்பி எதிர்ப்பக்கம் அதே தூரத்தில் உட்காரச் சொல்லுங்கள். 140 கிலோ, மூன்று மீட்டர் நகர்ந்தது, பெருக்கினால் அதே 420. ஒரு மூட்டையும் வேண்டாம், தெப்பம் ஒரு விரல்கூட அதிகம் தாழாது. வித்வான்கள் எதிரெதிரே உட்கார்ந்து வாசிப்பது கேட்கவும் நன்றாகத்தான் இருக்கும்.

நகர்த்த முடியாததைக் கரைக்கு இறக்க முடியுமா என்று அடுத்ததாகப் பாருங்கள். சிறிய டீசல் ஜெனரேட்டரே நூறு கிலோவைத் தாண்டும். சீரியல் விளக்குக்கு மட்டும்தான் அது என்றால் பேட்டரி போதும், அதை நடுவில் வைக்கலாம். தெப்பத்தில் ஏறியே தீர வேண்டும் என்று நிற்கும் உபயதாரரின் உறவினர்கள் இன்னொரு எடை. அவர்களை இறக்குவது இயற்பியலைவிடக் கடினம் என்பதால் அந்தப் பொறுப்பு கட்டுபவருக்கு இல்லை, விழாக் குழுவுக்கு என்று முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள்.

இரண்டும் செய்தும் சாய்வு மிஞ்சினால்தான் மூட்டை.

எத்தனை மூட்டை என்று ஊகிக்க வேண்டாம், தெப்பத்தையே கேட்கலாம். எடை தெரிந்த நூறு கிலோவை நடுக்கோட்டில் வைத்துத் தூக்குக் குண்டின் இடத்தைக் குறியுங்கள். பிறகு அதே நூறு கிலோவை ஒரு பக்கம் சரியாக மூன்று மீட்டர் நகர்த்துங்கள். நூறும் மூன்றும் பெருக்கினால் 300. குண்டு 1.2 செ.மீ. நகர்ந்தது என்று வையுங்கள். அப்படியானால் இந்தத் தெப்பத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 250. தீர்க்க வேண்டிய சாய்வில் குண்டு 1.6 செ.மீ. விலகி நிற்கிறதென்றால் தேவை 400. இரண்டரை மீட்டர் தள்ளி வைத்தால் 160 கிலோ. கப்பல் கட்டும் துறைகளில் பெரிய கப்பல்களுக்கும் இதே சோதனையைத்தான் எடையை நகர்த்தி, குண்டைத் தொங்கவிட்டுச் செய்கிறார்கள். சோதனையின்போது தெப்பத்தில் தேவையான இருவரைத் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது. கயிறு தளர்வாக இருக்க வேண்டும். பேரல் எதுவும் தரையைத் தொடக் கூடாது.

எதை, எங்கே வைப்பது

காலி சிமென்ட் சாக்கில் காய்ந்த மணல் நிரப்பினால் ஐம்பது, ஐம்பத்தைந்து கிலோ வரும். நனைந்தால் இன்னும் பல கிலோ ஏறும். ஆகவே ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எடையைச் சாக்கின் மேலேயே எழுதுங்கள், பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டுங்கள். எனக்கு மணலைவிடக் கல்தான் பிடிக்கும். நம் பக்கம் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. ஒரே எடைக்குக் கல் அடைக்கும் இடம் குறைவு, நனைந்தாலும் எடை கூடாது, பொத்தல் விழுந்து கொட்டாது. ஆனால் உருளும். கல்லானாலும் மூட்டையானாலும் வலைபோலக் கயிறு கட்டி அடிச்சட்டத்தோடு பிணைக்க வேண்டும். தெப்பம் அசையும்போது எதிர்ப்பக்கம் சரிந்து ஓடும் எடை, சரிசெய்ய வந்த வேலையை இரட்டிப்பாகக் கெடுக்கும்.

தண்ணீரையே எடையாக வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு; குளம் நிறையத் தண்ணீர் இருக்கும்போது மணலை ஏன் சுமப்பானேன் என்பது அவர்கள் நியாயம். மேல்தளத்தில் பாதி நிரம்பிய டிரம் வைப்பதைக் கண்டிப்பாகத் தவிருங்கள், உள்ளே தண்ணீர் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடும். உயர்ந்து நிற்கும் பக்கத்தில் அடியில் இருக்கும் ஒரு பேரலை முழுக்க நிரப்பினால் சாய்வு சரியாகும் என்பது உண்மை. ஆனால் தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்குத் தனி எடை கிடையாது. நீங்கள் செய்தது எடை ஏற்றியதல்ல, ஒரு மிதவையை இழந்தது. அவசரத்தில் யாராவது ஓடி ஏறினால் தாங்க வேண்டிய கையிருப்பு அது.

வைக்கும் இடம் முடிந்த அளவு தாழ்வாக இருக்கட்டும், பேரல்களுக்கு மேலே உள்ள சட்டத்தின் இடைவெளிகளில். ஒரே மூலையில் குவிக்க வேண்டாம். பக்கச் சாய்வு போய் முன்பின் சாய்வு வந்துவிடும். முன்னும் பின்னுமாகப் பாதிப் பாதி பிரித்து வையுங்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் பிறகு குண்டைப் பாருங்கள்.

நிறுத்த வேண்டிய எல்லை ஒன்று உண்டு. நாற்பது பேரல் தெப்பம் காகிதக் கணக்கில் ஏழாயிரம் கிலோ தாங்கும். அதில் தெப்பத்தின் சொந்த எடையும் ஆட்களும் சேர்த்து நாலாயிரத்தை நெருங்கும்போதே நிறுத்திக்கொள்வது நல்லது. பேரலின் முதுகு தண்ணீருக்கு மேலே தெரியும் வரைதான், சாயும்போது அந்தப் பக்கம் கூடுதல் மிதப்புக் கிடைத்துத் தெப்பம் தானாக நிமிரும். ஒரு வரிசைப் பேரல்கள் முழுக்க அமுங்கிவிட்டால் அந்தப் பக்கம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை; அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு ஆளுக்கும் தெப்பம் வேகமாகச் சாயும். திருவாரூர் கமலாலயத்தில் நானூறுக்கும் மேற்பட்ட பேரல்களில் அத்தனை பெரிய தெப்பம் கட்டுவதும் கச்சேரியோடு கூட்டத்தையும் ஏற்றிக்கொண்டு அது சுற்றுவதும் இந்தக் கையிருப்பை நம்பித்தான்.

மூட்டை போடவே கூடாத சாய்வு

ஒரு வகைச் சாய்வு உண்டு. தெப்பம் 1, 2 பக்கம் சாய்ந்து நிற்கும். கையால் தள்ளினால் மெதுவாக நிமிர்ந்து, அப்படியே 3, 4 பக்கம் அதே அளவு சாய்ந்து நின்றுவிடும். எடை இரு பக்கமும் சமம்தான், ஆனால் உயரத்தில் அதிகம். அகலமான பேரல் தெப்பத்தில் இது அரிது. படகின் மேலோ, ஒடுக்கமான மிதவையின் மேலோ உயர்ந்த விமானம் கட்டினால் வரும். இதன் உயர்ந்த பக்கத்தில் மூட்டை போட்டால் தெப்பம் நிமிர்ந்து நிற்காது. விசையோடு அந்தப் பக்கம் புரளும், முன்பைவிட அதிகமாக. முன்கூட்டியே தெரியும் அறிகுறி, ஆட்டிவிட்டால் சோம்பலாகத் திரும்புவது. நல்ல தெப்பம் வெடுக்கென்று நிமிரும்.

சுவீடனில் ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலிருந்து 1628 ஆகஸ்ட் 10 அன்று வாசா என்ற போர்க்கப்பல் முதல்முறையாகப் பாய் விரித்தது. அடியில் நூறு டன்னுக்கு மேல் கல் பாரம் இருந்தது. ஆனால் மேலே இரண்டு அடுக்குப் பீரங்கிகள், சிற்பங்கள், உயர்ந்த பின்கட்டு. கிளம்புவதற்கு முன் சோதிக்க முப்பது பேரைத் தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தில் பயந்து பாதியில் நிறுத்திவிட்டார்கள். இருந்தும் கப்பல் கிளம்பியது. ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகவில்லை, காற்றில் சாய்ந்து பீரங்கித் துளைகள் வழியே தண்ணீர் புகுந்து மூழ்கியது. இன்னும் கல் ஏற்றியிருக்கலாமே என்றால், ஏற்றினால் அந்தத் துளைகள் நீர்மட்டத்துக்கு இறங்கியிருக்கும். அந்நிலையில் செய்யக்கூடியது மேலே இருப்பதைக் குறைப்பதுதான். நம் தெப்பத்துக்கும் அதுவே: மேல் அடுக்கின் மரச்சட்டத்தை மூங்கிலாக்குங்கள், உச்சியில் துணியும் காகிதப் பூவும் போதும், கனமானது எதுவும் மேலே வேண்டாம். எடை ஏற்றியே ஆக வேண்டுமென்றால் நடுக்கோட்டில், அடியில்.

காற்றால் வரும் சாய்வும் மூட்டைக்கு அடங்காது. பாக் நீரிணையில் பாய்மரப் படகு ஓட்டுபவர்கள் காற்று வரும் பக்கம் பலகையை நீட்டி அதன்மேல் ஆட்கள் ஏறி நின்று படகை நிமிர்த்துவார்கள். காற்று திரும்பினால் பலகையும் ஆட்களும் இடம் மாறுவார்கள். அங்கே எடை மாறிக்கொண்டே இருக்க வேண்டும், கட்டிவைத்த மூட்டை அந்த வேலையைச் செய்யாது. தெப்பத்தில் நமக்கு அந்தச் சாமர்த்தியம் வேண்டியதில்லை. காற்று அடித்தால் பக்கத் திரைகளைச் சுருட்டுங்கள், கரையோரம் ஒதுங்குங்கள்.

ஏறும்போதும் இறங்கும்போதும்

எல்லாம் சரிசெய்த பிறகும் ஆபத்து மிஞ்சுவது மனிதர்களிடம். தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று ஜலகன்யகா என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் நகர்ந்தது அன்று பேசப்பட்ட காரணங்களில் ஒன்று. தெப்பத்தில் இதற்கு ஈடான கணம் கற்பூர ஆரத்தி. தட்டு எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் எல்லோரும் எழுந்து சாய்வார்கள். பத்துப் பேர் இரண்டு மீட்டர் நகர்ந்தால் கணக்கு 1,400. நாம் பார்த்துப் பார்த்து வைத்த மூன்று மூட்டை அதற்கு முன்னால் எம்மாத்திரம்? தட்டு எல்லோரிடமும் வரும், யாரும் எழ வேண்டாம் என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். குருக்களிடமும் சொல்லிவையுங்கள், அவர் சொன்னால்தான் கேட்பார்கள்.

சுவாமி எழுந்தருளும்போது சீர்பாதம் தாங்கிகள் எல்லோரும் ஒரே விளிம்பில் காலை வைப்பார்கள். அப்போது தெப்பத்தை இரு முனையிலும் படித்துறையோடு இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும், இறங்கும்போதும் அப்படியே. இன்னொன்று: மூட்டை போட்டது ஆட்களும் மூர்த்தியும் இருக்கும் நிலைக்கு. அவர்கள் இறங்கியதும் அதே மூட்டை தெப்பத்தை மறுபக்கம் சாய்க்கும். நான்கு பேர் இறங்கினால் ஒரு மூட்டையையாவது நடுவுக்கு இழுத்துவிட ஒருவரை நிறுத்துங்கள்.

நோட்டில் அன்றைய மூலை அளவுகள், மூட்டைகளின் எடை, வைத்த இடம், அன்று எழுந்தருளிய மூர்த்தி, ஏறிய ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். மறுநாள் மாலை வேலை பாதியாகும், அடுத்த வருடம் இன்னும் குறையும். கடைசி இரவு முடிந்து பிரிக்கும்போது மேல் அலங்காரத்தை முதலில் இறக்குங்கள், அடிப்பாரத்தைக் கடைசியில். பேரல்களைக் கரையேற்றியதும் ஒவ்வொன்றையும் உருட்டிக் காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே தண்ணீர் சத்தம் கேட்பதற்குச் சுண்ணாம்பில் ஒரு குறி போட்டுத் தனியாக வைத்துவிட்டு, மற்றவற்றை வாடகைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.